மகனின் அட்டை பெற்றோருக்குக் கதவு திறக்குமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். மனைவியுடன் கொக்குவிலில் இருக்கிறேன். ரொறன்ரோவில் வசிக்கும் எங்கள் மகன், எங்களுடைய 40ஆவது திருமண நாளுக்காக அடுத்த மாசியில் மியாமியிலிருந்து ஏழு இரவுக் கப்பல் பயணம் ஒழுங்கு செய்கிறார். மகனும் மருமகளும் ஆறு வயதுப் பேரனும், சூட் எனப்படும் பெரிய, விலை கூடிய அறையில். நாங்கள் இருவரும் சில தளங்கள் கீழே ஒரு பல்கனி அறையில். சூட் அறைக்காரருக்கென்று தனி லவுஞ்ச் (ஓய்வுக்கூடம்), தனி உணவகம், தனி வெயில் தளம் எல்லாம் இருக்கின்றனவாம். "அப்பா, அந்த அறை உங்களுக்குப் படுக்க மட்டும்தான். மற்ற நேரமெல்லாம் எங்களோடு மேலேதான் இருப்பீர்கள்" என்கிறார். மனைவிக்கு முழங்கால் வலி, கூட்டத்தில் நிற்க முடியாது. மகன் கூட்டிக்கொண்டு போனால் எங்களை உள்ளே விடுவார்களா? விட மாட்டார்கள் என்றால், மகனின் மனம் நோகாமல் அதை எப்படிச் சொல்வது?

பதில்:

அன்புள்ள ஐயா,

விட மாட்டார்கள். சுற்றி வளைக்காமல் இதையே முதலில் எழுதுகிறேன். உங்கள் மகன் இறுதிப் பணம் கட்டுவதற்கு முன்னர் இது அவர் காதில் விழ வேண்டும். பணம் கட்டிய பிறகு தெரியவந்தால் எவராலும் அதிகம் செய்ய முடியாது.

பயணிகள் கப்பல்களின் ஹோட்டல் பகுதியில் 17 வருடம் வேலை செய்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன் நான். அதில் கடைசி 5 வருடமும் சூட் அறைக்காரரின் லவுஞ்ச் வாசலில் இருந்த மேசைதான் என் இடம். உங்கள் மகன் சொன்ன அதே வார்த்தைகளை அங்கே வாரம் தவறாமல் கேட்டேன். சில வாரங்களில் தமிழிலும் கேட்டேன். 2023 ஜூனில் எம்பிரஸ் என்ற பயணிகள் கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டுக் காங்கேசன்துறைக்கு வந்துபோனதிலிருந்து இங்கேயும் பலர் கப்பல் பயணத்தைப் பற்றி என்னிடம் விசாரிக்கிறார்கள். அவர்களில் பாதிப்பேர் உங்களைப் போல, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் கூட்டிக்கொண்டு போகும் பெற்றோர். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கப்பலில் ஏறும்போது ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை தருவார்கள். அறையின் திறப்பும் அதுதான், கடையில் பணமும் அதுதான், துறைமுகத்தில் இறங்கி ஏறும்போது அடையாள அட்டையும் அதுதான். சில கப்பல்களில் அட்டைக்குப் பதிலாக மணிக்கட்டில் ஒரு பட்டி. லவுஞ்சின் கதவருகே சின்னக் கறுப்புப் பெட்டி ஒன்று இருக்கும். அட்டையை அதில் தொட்டால், இந்த அட்டைக்காரர் எந்த வகை அறையில் பதியப்பட்டிருக்கிறார் என்று மட்டும் அது பார்க்கும். யார் காசு கட்டினார், யார் யாருக்குத் தகப்பன் என்பதெல்லாம் அந்தப் பெட்டிக்குத் தெரியாது. பச்சை வெளிச்சம் வந்தால் கதவு திறக்கும். சிவப்பு வந்தால் திறக்காது.

ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். கப்பலின் பெயர் வேண்டாம். பயணத்தின் இரண்டாம் நாள், கரை காணாத நாள், பின்னேரம் ஐந்து மணி இருக்கும். லவுஞ்சில் சிற்றுண்டியும் பானமும் வைக்கும் நேரம் அது. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் அட்டையைத் தொட்டுக் கதவைத் திறந்து, காலால் அதைப் பிடித்துக்கொண்டு, பின்னால் திரும்பி, "வாங்கோ அம்மா" என்றார். அந்த அம்மா சேலைக்கு மேலே சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை போட்டிருந்தார். ஒரு கையில், கீழே பொது உணவுக்கூடத்தில் எடுத்த கேக் துண்டு ஒன்றைக் கடதாசிக்குள் சுற்றி வைத்திருந்தார். உள்ளே விளையாடிக்கொண்டிருந்த பேத்திக்கு என்று பிறகுதான் தெரிந்தது. அவருடைய அட்டைக்குச் சிவப்பு வெளிச்சம் வந்தது. நான் எழுந்து போனேன். என் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "தம்பி, நீங்கள் யாழ்ப்பாணமா? எந்த இடம்?" என்று கேட்டார். "உரும்பிராய், அம்மா" என்றேன். "நாங்கள் இணுவில்" என்றார்.

அதற்கு அடுத்த வசனமாக, நீங்கள் உள்ளே வர முடியாது என்று நான் சொல்ல வேண்டியிருந்தது.

மகன் வாதாடினார். தான் எவ்வளவு கட்டியிருக்கிறேன் என்றார், முகாமையாளரைக் கூப்பிடு என்றார். அந்த அம்மாதான் முதலில் பின்னுக்கு நகர்ந்தார். "விடு தம்பி, அந்தப் பிள்ளைக்கு வேலை போய்விடும்" என்று மகனிடம் சொல்லிவிட்டு, கேக் பொட்டலத்தைக் கதவிடுக்கு வழியாக அவர் கையில் கொடுத்துவிட்டு, மின்தூக்கிப் பக்கம் நடந்தார். எத்தனையோ பேரை அந்த வாசலில் மறித்திருக்கிறேன். அந்த அம்மா நடந்துபோன முதுகுதான் இன்றுவரை என் கண்ணில் நிற்கிறது.

அந்தச் சம்பவத்தின் மீதிப் பகுதிதான் உங்களுக்கு முக்கியம். அடுத்த ஐந்து நாளும் அந்த மகன் லவுஞ்சில் வந்து இருக்கவில்லை. மருமகளும் வரவில்லை. ஒருநாள் காலை மட்டும் அந்தப் பேத்தி தகப்பனோடு வந்து ஒரு பழச்சாறு வாங்கிக்கொண்டு உடனே போனாள். சூட் அறைக்கென்று அவர் கட்டிய மேலதிகப் பணம் அந்த லவுஞ்சுக்கும் உணவகத்துக்கும் வெயில் தளத்துக்கும் சேர்த்துத்தான். அதை ஒருவருமே அனுபவிக்கவில்லை. தாய் கீழே தனியாக இருக்க, மேலே போய் இருந்து தேநீர் குடிக்க எங்கள் பிள்ளைகளுக்கு மனம் வராது. உங்கள் மகனும் அப்படிப்பட்டவர் என்று உங்கள் கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. ஆகவே, உங்களை உள்ளே விடுவார்களா என்பது பாதிக் கேள்விதான். விடாவிட்டால் உங்கள் மகனும் உள்ளே போக மாட்டார் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

விதி கல்நெஞ்சத்தனமானது என்று நினைக்காதீர்கள். அந்த மேசையிலிருந்து பார்த்தவனுக்கு அதன் நியாயம் தெரியும். அந்த லவுஞ்சுகள் சின்னவை. கப்பலில் ஆயிரக்கணக்கானோர் இருந்தாலும், சூட் அறைகளின் எண்ணிக்கைக்கு ஏற்றபடிதான் அங்கே கதிரைகள் போட்டிருப்பார்கள். ஒவ்வொரு அறைக்காரரும் இரண்டு பேரைக் கூட்டிவந்தால் ஒரே பின்னேரத்தில் அது சந்தையாகிவிடும். அமைதிக்கென்று பணம் கட்டியவருக்கு இருக்க இடம் இராது. உங்கள் மனைவியைப் போல முழங்கால் வலியோடு வந்த இன்னொரு தாய்க்கும் இடம் இராது.

கம்பனிக்குக் கம்பனி இதன் பெயரும் இறுக்கமும் மாறும். நோர்வீஜியன் கம்பனியின் கப்பல்களில் இதை 'ஹேவன்' என்பார்கள். தனி முற்றம், தனி நீச்சல் தடாகம், தனி உணவகம் என்று கப்பலுக்குள்ளே ஒரு கப்பல் அது. 2022இல் வந்த நோர்வீஜியன் பிரிமாவில் அதற்கென்று தனி மின்தூக்கிகளே இருக்கின்றன. எம்.எஸ்.சி. கம்பனியில் 'யொட் கிளப்'. 2008இல் பன்டாசியா கப்பலில் தொடங்கியது, கப்பலின் முன்பக்க மேல்தளங்களில் இருக்கும். இவை இரண்டிலும் அறைகளுக்குப் போகும் நடைபாதையே பூட்டிய கதவுக்கு உள்ளேதான் பெரும்பாலும் இருக்கிறது. அதனால் மகனின் அறைக்குப் போவதற்கே மகன் வந்து கூட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கும். செலிபிரிட்டியில் 'ரிட்ரீட்', அதற்கு லூமினே என்ற தனி உணவகம். றோயல் கரீபியனில் சூட் லவுஞ்சும் கோஸ்டல் கிச்சன் என்ற உணவகமும். ஹொலண்ட் அமெரிக்காவில் நெப்டியூன் லவுஞ்ச். பழைய கம்பனியான கியூனார்டில் எந்த அறை வகையோ அதற்கென்று ஓர் உணவகம்: குயீன் மேரி 2 கப்பலில் குயீன்ஸ் கிறில், பிரின்செஸ் கிறில், மற்றவர்களுக்கு பிரிட்டானியா. அங்கே வேறு வேறு வகை அறைகளில் வருகிற குடும்பம் சேர்ந்து சாப்பிட விரும்பினால், மேலே இருப்பவர்கள் கீழே இறங்கி வந்து பிரிட்டானியாவில் சாப்பிடுவார்கள். எனக்கு அது நல்ல வழக்கமாகவே படுகிறது.

நீங்கள் மகனிடம் இன்னொன்றும் கேட்க வேண்டும்: அவர் பதிந்திருக்கும் அறை உண்மையில் எந்த வகை? 'சூட்' என்ற சொல்லை நம்பி ஏமாந்தவர்கள் நிறையப்பேர். நோர்வீஜியனில் 'கிளப் பல்கனி சூட்' என்று ஒன்று இருக்கிறது. பெயரில் சூட் இருந்தாலும் ஹேவனுக்குள் போக முடியாது. எம்.எஸ்.சி.யில் 'ஓறியா சூட்' எடுத்தவருக்கு யொட் கிளப் கிடையாது. ஹொலண்ட் அமெரிக்காவில் விஸ்டா சூட், சிக்னேச்சர் சூட் இரண்டுக்கும் நெப்டியூன் லவுஞ்ச் திறக்காது. நெப்டியூன் சூட், பினக்கிள் சூட் ஆகியவற்றுக்கே திறக்கும். றோயல் கரீபியனின் ஒயாசிஸ் வகைக் கப்பல்களில் 'ஜூனியர் சூட்' எடுத்தால், இடமிருந்தால் இரவுச் சாப்பாட்டுக்கு மட்டும் கோஸ்டல் கிச்சனுக்குப் போகலாம், லவுஞ்சுக்குப் போக முடியாது. மகனின் அறையே இப்படிப்பட்டதாக இருந்தால், நீங்கள் கலங்கும் பிரச்சினையே இல்லை. அவருக்கும் சேர்த்துத்தான் அந்தக் கதவு பூட்டியிருக்கும்.

உண்மையான சூட் அறைதான் என்று வைத்துக்கொண்டு, என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

லவுஞ்ச் உரிமை அறையோடு வருகிறது. அந்த அறையில் மூன்றாமவராகவோ நான்காமவராகவோ பெயர் பதிந்தவருக்கும் அதே அட்டை, அதே பச்சை வெளிச்சம். அதோடு, பெரும்பாலான கம்பனிகளில் முதல் இருவருக்குத்தான் முழுக் கட்டணம். மூன்றாமவருக்கும் நான்காமவருக்கும் குறைவு. வரியும் பணியாளருக்கான கொடையும் (டிப்ஸ்) தலைக்கு இவ்வளவு என்று தனியாக வரும், சூட் அறையில் அந்தக் கொடை சற்று அதிகம். இத்தனையும் சேர்த்துக் கூட்டினாலும், உங்கள் இருவருக்கும் தனியாக ஒரு பல்கனி அறை எடுப்பதைவிட, மகனின் அறையிலேயே உங்கள் பெயர்களைச் சேர்ப்பது மலிவாக வரும் சந்தர்ப்பங்களை நான் பார்த்திருக்கிறேன். பயண முகவர்கள் இதைத் தாமாகச் சொல்வது குறைவு. கேட்டால் கணக்குப் போட்டுத் தருவார்கள்.

உங்கள் வீட்டில் சிக்கல், நீங்கள் ஐந்து பேர். சாதாரண சூட் அறையில் நான்கு பேருக்குத்தான் இடம் இருக்கும். ஐந்தாவது ஆளை எப்படியாவது நுழைத்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். உயிர்காப்புப் படகில் யார் எந்த இடம் என்பதெல்லாம் அறைக் கணக்கோடு பிணைந்தது, அதில் விட்டுக்கொடுப்பு இல்லை. அதோடு மூன்றாவது, நான்காவது படுக்கை என்பது அநேகமாக இரவில் விரித்துப் போடும் சோபாதான். உங்கள் மனைவியின் முழங்காலுக்கு அது ஆகாது.

இரண்டு படுக்கையறை கொண்ட சூட் அறைகள் இருக்கின்றன. நோர்வீஜியனின் ஹேவனில் 'குடும்ப வில்லா' என்பது அப்படிப்பட்டது. இரண்டு படுக்கையறை, இரண்டு குளியலறை. றோயல் கரீபியனிலும் இரண்டு படுக்கையறை கொண்ட பெரிய சூட் உண்டு. அவை கப்பலுக்குச் சிலவே இருப்பதால் வெகு சீக்கிரம் முடிந்துவிடும், விலையும் அதிகம். ஆனால் இப்போது மகன் எடுத்திருக்கும் இரண்டு அறைகளின் மொத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சில வேளை வித்தியாசம் பயந்த அளவுக்கு இராது. ஐந்து பேரும் ஒரே கதவுக்குள். என்னைக் கேட்டால் முதல் தெரிவு இதுதான்.

அது சரிவராவிட்டால், நான் உங்கள் மகனுக்குச் சொல்வது அறைகளை மாற்றச் சொல்லித்தான். திருமண நாள் உங்களுடையது. வலி உங்கள் மனைவிக்கு. அமைதியான லவுஞ்சும், வரிசை நிற்காமல் கிடைக்கும் கதிரையும் தேவைப்படுவது உங்களுக்குத்தான். நாற்பது வயதுக்குள் இருக்கும் மகனுக்கு அல்ல. ஆகவே சூட் அறையில் நீங்கள் இருவரும், மூன்றாவது பெயராகப் பேரனும். பல்கனி அறையில் மகனும் மருமகளும். பேரனுக்கு ஆறு வயது என்பதால் அந்த அறையில் இருபத்தொரு வயதுக்கு மேற்பட்ட பெரியவர் பதிந்திருக்க வேண்டும். அதற்குத் தாத்தா பாட்டி போதும். பெற்றோரின் ஒப்புதல் கடிதத்தை மட்டும் முகவரிடம் கேட்டு முன்கூட்டியே ஒழுங்கு செய்துகொள்ளுங்கள். மகன் பின்னேரம் ஒரு மணித்தியாலம் லவுஞ்சுக்கு வெளியே நிற்க வேண்டியிருக்கும். அது அவருக்கு நோகாது. தாயை வெளியே நிறுத்துவதுதான் நோகும்.

மகனை உங்களோடு சூட் அறையில் பதிந்து, மருமகளையும் பேரனையும் பல்கனி அறையில் பதியும் யோசனையையும் சிலர் சொல்வார்கள். மகன் உங்களோடு உள்ளே வர முடியும் என்பது உண்மைதான். ஆனால் மருமகள் எல்லா நேரமும் பிள்ளையோடு கீழே நிற்பார். உங்கள் மனைவி அதைப் பார்த்துக்கொண்டு ஆறுதலாக ஒரு கோப்பி குடிப்பாரா? எனக்கு நம்பிக்கை இல்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. கப்பலின் வரவேற்பு மேசையில் கேட்டால், ஒரே குடும்பத்தின் இரண்டு அறைகளுக்கும் மேலதிகத் திறப்பு அட்டை தருவார்கள். அது அறைக் கதவை மட்டும்தான் திறக்கும், லவுஞ்சை அல்ல. பெயர் பதிந்த அறை ஒன்று, படுப்பது இன்னொன்று என்று செய்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்வதானால் உங்கள் அறைப் பணியாளரிடமாவது சொல்லிவிடுங்கள். நள்ளிரவில் அவசர மணி அடித்தால் பணியாளர்கள் அறைப் பட்டியலைப் பார்த்துத்தான் ஆட்களைத் தேடுவார்கள்.

மூன்றாவது வழி, எல்லோரும் பல்கனி அறைகளுக்கே போவது. அடுத்தடுத்த இரண்டு அறைகள், இடையில் ஒரு உள்கதவு. அப்படி இணைந்த அறைகள் பல கப்பல்களில் உண்டு. மிஞ்சும் பணத்தில் எத்தனையோ செய்யலாம். பணம் கட்டினால் எவரும் போகக்கூடிய அமைதியான இடங்களும் கப்பலில் இருக்கின்றன: பெரியவர்களுக்கு மட்டுமான தளங்கள், வாடகைக்கு எடுக்கும் நிழற்குடில்கள். றோயல் கரீபியனின் கோகோகே தீவில் இறங்கும்போதும் தனிக் குடில் எடுக்கலாம். வாரத்துக்கு இவ்வளவு, நாளுக்கு இவ்வளவு என்று விலை. அறை வகை பார்க்க மாட்டார்கள். பிரதான உணவு மண்டபத்தில் சைவம் என்று முன்னரே பதிந்துவிட்டால் நாளாந்தம் இந்தியச் சமையல் ஒன்றாவது கேட்டு வாங்கலாம். இரண்டு பதிவுகளையும் 'இணைத்து' விடும்படி முகவரிடம் சொன்னால் ஐந்து பேருக்கும் ஒரே மேசை வரும். ஏழு இரவும் ஒரே பந்தியில் இருந்து சாப்பிடலாம்.

இப்போதைய ஒழுங்கையே வைத்துக்கொள்வதாக மகன் முடிவு செய்தால், எவை உங்களுக்குத் திறந்திருக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மகனின் அறைக்குப் போகலாம், அந்த விசாலமான பல்கனியில் நாள் முழுவதும் இருக்கலாம். தேநீரும் சிற்றுண்டியும் அறைக்கே வரும். பட்லர் (அந்த அறைக்காரரைக் கவனிக்கும் பணியாளர்) உள்ள சூட் என்றால், பெற்றோரின் திருமண நாள் என்று மகன் முதல்நாளே சொல்லிவைக்கட்டும், அறையிலேயே ஐந்து பேருக்கு மேசை போட்டுத் தருவார்கள். அந்த வேலையை நானே ஒழுங்கு செய்து கொடுத்திருக்கிறேன். பட்லர்மார் மனமுவந்து செய்யும் காரியம் அது. திறக்காதவை: லவுஞ்ச், தனி உணவகம், வெயில் தளம், அரங்கில் சூட் அறைக்காரருக்கு ஒதுக்கிய ஆசனங்கள். இவை தவிர மியாமியில் கப்பலேறும் வரிசையும் வேறு. முதல் பிரிவு அங்கேயே நடந்துவிடுகிறது; மகன் குறுகிய வரிசையில், நீங்கள் நீண்ட வரிசையில். மனைவிக்குச் சக்கர நாற்காலி உதவி வேண்டுமென்று முன்னரே பதிந்தால் அந்த இடைஞ்சல் இல்லை. அதைக் கேட்க அவர் வெட்கப்படுவார். வெட்கப்பட விடாதீர்கள்.

விதிவிலக்கு கிடைக்காதா என்று கேட்பீர்கள். சில வேளை கிடைக்கும். லவுஞ்ச் வெறிச்சோடிக் கிடக்கும் ஒரு காலைப் பொழுதில், முன்கூட்டியே மரியாதையாகக் கேட்டால், பொறுப்பாளர் ஒருமுறை சம்மதிக்கலாம். கேட்பதானால் முதல்நாளே, மகன் தனியாகப் போய்க் கேட்கட்டும். உங்களை வாசலில் நிறுத்திவைத்துக்கொண்டு கேட்கக் கூடாது. கிடைத்தால் நன்றி, கிடைக்காவிட்டால் அதோடு விட்டுவிட வேண்டும். கதவு மூடுவதற்குள் பின்னால் நுழைவது, மருமகளின் அட்டையை அம்மாவின் கையில் கொடுப்பது, வாசலில் நிற்பவருக்குக் காசு நீட்டுவது, இவை எதுவும் வேண்டாம். அட்டையைத் தொட்டதும் அட்டைக்காரரின் படம் திரையில் வரும். அங்கே நிற்கும் பிள்ளை பிலிப்பைன்ஸிலோ இந்தோனேசியாவிலோ ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும் ஒப்பந்த ஊழியர். நானும் அப்படி நின்றவன். சூட் அறை எடுக்காத சிலர் உள்ளே போவதையும் காண்பீர்கள். பல வருடமாக அதே கம்பனியில் பயணம் செய்து உச்ச நிலைக்கு வந்தவர்களுக்கு அந்த உரிமை சில கப்பல்களில் உண்டு. அவர்களைக் காட்டி வாதாட வேண்டாம்.

மகன் இன்னும் சூட் அறைக்குப் பணம் கட்டவில்லை, பல்கனி அறை எடுத்துவிட்டு ஏலத்தில் கேட்டுப் பார்க்கப் போகிறார் என்றால், அங்கேயும் கவனம் தேவை. பயணத்துக்கு முன்னர் 'இவ்வளவு தருகிறேன், மேல் வகைக்கு மாற்றுங்கள்' என்று விலை கேட்கும் முறை பல கம்பனிகளில் இருக்கிறது. அது அறை அறையாகத்தான் நடக்கும். ஓர் அறைக்குக் கிடைத்து மற்றதற்குக் கிடைக்காமல் போகலாம், கிடைத்ததை வேண்டாம் என்று திருப்பவும் முடியாது. பக்கத்துப் பக்கத்து அறைகளை ஆசையாக எடுத்துவிட்டு, ஏலத்தால் எட்டுத் தளம் பிரிந்துபோன குடும்பங்களை நான் வரவேற்றிருக்கிறேன்.

இனி, மகனிடம் எப்படிச் சொல்வது. நீங்கள் ஆசிரியர், பிள்ளைகளிடம் பேசத் தெரிந்தவர். நான் சொல்லித்தர என்ன இருக்கிறது. ஆனாலும் ஒன்று. "எங்களுக்கு அதெல்லாம் வேண்டாம், நீங்கள் மட்டும் போங்கள்" என்று சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் அவர் "இல்லை அப்பா, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பார், பேச்சு அத்தோடு முடிந்துவிடும். கடைசியில் அந்த வாசலில்தான் போய் நிற்பீர்கள். அதற்குப் பதிலாக, முகவரிடம் கேட்டு எழுத்தில் பெறும்படி சொல்லுங்கள்: அறை வகையின் சரியான பெயர் என்ன, அந்த வகைக்கு எந்த எந்த இடங்கள் திறக்கும், வேறு அறையில் இருக்கும் குடும்பத்தவரை அங்கே அழைத்துப்போகலாமா. தொலைபேசியில் "ஓம், பிரச்சினை இல்லை" என்று சொன்ன பல முகவர்கள், மின்னஞ்சலில் அதையே எழுதித் தரச் சொன்னதும் பின்வாங்கியிருக்கிறார்கள். பதில் வந்தால் மகனே முடிவெடுப்பார். அவருடைய ஆசையை நீங்கள் மறுத்ததாக இராது.

விசா பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் விட முடியாது. இலங்கைக் கடவுச்சீட்டில் மியாமியில் கப்பலேற உங்களுக்கு அமெரிக்க வருகை விசா வேண்டும். ரொறன்ரோ வழியாகப் போய்த் திரும்புவதானால் கனடா விசாவும் செல்லுபடியாக இருக்க வேண்டும். அறை ஒழுங்கைவிட இதற்கு நாள் கூடுதலாகப் பிடிக்கும்.

இறுதிப் பணம் கட்டும் திகதி பொதுவாகப் புறப்படுவதற்கு மூன்று மாதமளவில் முன்னர் வரும். அதுவரை பெயர்களை ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு மாற்றுவது முகவருக்குச் சிறிய வேலை. அதற்குப் பிறகு அது புதிய பதிவு, புதிய விலை, சில வேளை தண்டம். மாசிப் பயணம் என்றால் உங்களுக்கு அதிகம் போனால் ஐப்பசி முடியும் வரைதான் அவகாசம். கடிதத்தைப் படித்த இன்றைக்கே மகனுக்குத் தொலைபேசி எடுங்கள். இங்கே இரவுச் சாப்பாட்டு நேரம் என்றால் அங்கே அவர் காலையில் வேலை தொடங்கும் நேரம், முகவரின் அலுவலகமும் திறந்திருக்கும்.